பிரெஞ்சில் ‘நாளைக்கு வரும்’

ஆடி 9, திங்கள்

புழுக்கம். இரண்டு முறை கரண்ட் போனது. வியாழனன்று பாண்டிச்சேரியிலிருந்து என் பட்டுக்கடைக்குப் பிரெஞ்சுக்காரம்மா வருகிறார். பிரான்ஸில் அவருக்குத் துணிக்கடை. இதுவரை தரகர் நடுவில் நின்று பேசினார். எதை மாற்றிச் சொன்னாரோ, அவருக்கே வெளிச்சம். இந்த முறை நானே. போனில் தினம் இருபது பிரெஞ்சு வார்த்தை படிக்கிறேன். ஐம்பத்தெட்டு வயதில் மண்டையில் நிற்பதில்லை.

மகள் சுதா கருத்து வரைபடம் போடச் சொன்னாள். காலண்டர் தாளின் பின்பக்கம். நடுவில் பட்டு. சுற்றி நிறம், கரை, ஜரிகை, தறி, நாள். எல்லாம் வட்டம், கோடு. போனைப் பார்த்து பிரெஞ்சு எழுத்திலும் எழுதினேன். பட்டு - சுவா. சிவப்பு - ரூஜ். நாளைக்கு - த்மேன். கொஞ்சம் ஒட்டுகிறது.

ஆடி 11, புதன்

முதுகு வலி. சுதா தாளைப் பார்த்தாள்.

“இவ்ளோ எழுதிகினு, ‘இல்ல’ன்றத வுட்டுட்டீங்களேப்பா?”

கடையில் அந்த வார்த்தை எதற்கு? சரக்கு தீர்ந்தால் நாளைக்கு வரும் என்போம். கேட்பவருக்குப் புரியும், வேறு கடை பார்ப்பார். முப்பது வருஷமாக இந்த வாசற்படிக்குள் இல்லை என்று சொன்னதில்லை.

ஆடி 12, வியாழன்

வந்தார். நான் போனைத் தொடவே இல்லை. நிறம், கரை எல்லாம் வாயிலேயே வந்தது. கைத்தறிச் சிவப்புச் சேலை ஒன்றுதான் இருந்தது, எடுத்துக்கொண்டார். இதே போல் இன்னும் ஆறு கேட்டார். த்மேன் என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

மாலை அவர் செய்தி. போனில் தமிழாக்கினால்: இன்றைய விமானத்தைத் தள்ளிப்போட்டுவிட்டேன், காலை வருகிறேன்.

நெசவாளர் முனுசாமியிடம் ஓடினேன். ஒரு சேலைக்குப் பன்னிரண்டு நாள் என்றார்.

“மொதலாளி வாயில சொன்ன வேகத்துக்கு தறி ஓடுமாங்க?”

பவர்லூம் சிவப்பு ஆறு அலமாரியில் இருக்கிறது. அந்தம்மாவுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஆடி 13, வெள்ளி

கண் எரிச்சல். கடை திறந்ததும் தாளைக் கல்லாமேல் விரித்தேன். ‘நாளைக்கு’ பக்கத்தில் புது வட்டம்: இல்லை. போன் சொன்னது: நோன். கூடவே சொன்னேன். நாக்கு இழுத்தது.

பத்து மணி. இன்னும் போணி ஆகவில்லை. அந்தம்மா வந்து ஆறு விரல் காட்டினார். அலமாரி என் முதுகுக்குப் பின்னால்.

நோன், என்றேன்.

அவர் முகம் மாறியது. குனிந்து தாளைப் பார்த்தார், ரொம்ப நேரம். பிறகு தறி வட்டத்தில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். ஆறு சேலைக்கு 72 என்று எழுதி, நாள் வட்டத்துக்குக் கோடு இழுத்தேன்.

பேனாவை வாங்கினார். 72-ஐச் சுற்றி வட்டம் போட்டார். ‘நாளைக்கு’ என்பதை அவரே கோடு போட்டு அடித்தார்.