தானாக விளைந்த உப்பு

மச்சானுக்கு ஸலாம்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் றைஸா எழுதுகிறாள். சண்டை முடிந்து நீங்கள் புத்தளத்தை விட்டு ஊர் மன்னாருக்குத் திரும்பி மூன்று வருடம். உங்கள் மகன் றஸீன் காய்ச்சலில் மௌத்தாகி ஏழு மாதம்.

அவனுடைய ஏழாம் நாள் கத்தம் ஓதிய அன்று, "படச்சவன் ஒருத்தன் இரிக்கானா மச்சான்?" என்று கேட்டீர்கள். சமையலுக்கு நான் கொண்டுவந்த புத்தளத்து உப்பில் ஒரு கல்லை எடுத்துக் காட்டினேன்.

"பாருங்க, நாலு மூலையும் சரியா இரிக்கி. இத வெட்டினவன் ஆரு?"

"ஒருத்தனும் வெட்டல்ல. வெயில் பட்டாத் தானா விளையும். இருவது வருஷம் என்னோட உப்பு வாரின ஒங்களுக்குத் தெரியாதா?"

"உப்புப் பாத்தியும் தானாக் கட்டிச்சா?"

"அப்ப விளஞ்சதக் கரைக்க மழைய அனுப்புறது ஆரு?" என்று திருப்பிக் கேட்டீர்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. உங்களை மார்க்கத்தை விட்டே தள்ளுகிற ஒரு சொல்லைச் சொன்னேன். "என்ன சொல் வாப்பா?" என்று றைஸா கேட்கிறாள். அதை எழுத வேண்டாம் என்றுவிட்டேன்.

படைத்தவன் இருக்கிறான். அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. மழைக்குத்தான் இன்னும் பதில் தெரியாது. தொண்ணூற்றேழில் மழை நம் பாத்திகள் முழுவதையும் கரைத்த அன்று நான் வரம்பில் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் பேசாமல் வந்து பக்கத்தில் இருந்தீர்கள். பிறகு எழுந்து மழைத்தண்ணீரை வடித்து, மறுபடியும் களப்பின் உப்புத் தண்ணீரைப் பாத்திகளில் விட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். உப்புக் கொண்டுவரமாட்டேன். பேசவும் மாட்டேன். பக்கத்தில் இருக்க இடம் தந்தால் போதும்.

உங்கள் தங்கச்சியின் மாப்பிள்ளை