நீ டிக் அடித்த பட்டியல்

இன்று காலை ஃபேனைக் கூட்டி வைத்ததும் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்த தாள் பிய்ந்து என் மடியில் விழுந்தது. செலோடேப் பழுப்பேறிப் போயிருந்தது. என் கையெழுத்தில் ஆறு ஃபோல்டர்களின் பெயர்கள். கீழே பச்சை மையில் உன் டிக்.

நாம் இருவரும் நடத்திய ராயப்பேட்டை ஃபோட்டோ ஸ்டூடியோவின் சனிக்கிழமை வழக்கம் உனக்குத் தெரியாததா? வெளியூர் சர்வரில் நாம் வாடகைக்கு எடுத்த இடம் கொஞ்சம்தான். எல்லாப் படங்களும் அதில் அடங்காது. எந்த ஃபோல்டரின் நகல் பேக்கப்பாக அங்கே போக வேண்டும் என்று ஒருவர் எழுத, மற்றவர் சரிபார்த்து டிக் அடிப்போம். பட்டியலில் இருப்பது மட்டுமே போகும்.

அந்த வாரம் எழுதும் முறை என்னுடையது. சாந்தோம் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை பெற்று, புதுநன்மை வாங்கிய பிள்ளைகளை நீ படமெடுத்து வந்திருந்தாய். அது எனக்கு வரவேண்டிய வேலை. வேலை பேச வந்த ஒரு பிள்ளையின் அம்மா என் முகத்துக்கு நேரே, "அந்த அண்ணனையே அனுப்புங்க, அவர் எடுத்தாத்தான் புள்ளைங்க சிரிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வயிறெரிந்தது. ஒரு குறையாவது கிடைக்காதா என்று உன் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அந்த ஃபோல்டரை மட்டும் எழுதாமல் விட்டேன். ஒரு வாரம் கிடக்கட்டுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நீ படித்துக்கூடப் பார்க்கவில்லை. "நீ எழுதினா கரீட்டாத்தான் இருக்கும் மச்சி" என்று டிக் அடித்துவிட்டு டீக்குப் போனாய்.

புதன்கிழமை ஹார்டு டிஸ்க் செத்தது. கேமரா கார்டையும் நீ அடுத்த வேலைக்காக அழித்திருந்தாய். சர்வரிலிருந்து ஆறு ஃபோல்டர்கள் பத்திரமாகத் திரும்பி வந்தன. பாதிக்கு மேல் என் படங்கள்.

"பாக்காம டிக் அடிச்சது என் தப்பு மச்சி. உன்னுதாவது பத்திரமா கீதே, வுடு" என்றாய். வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டு, பிள்ளைகளுக்கு மறுபடி வெள்ளை உடுப்புப் போடவைத்து எடுத்தாய். அதிலும் சிரித்தார்கள். அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. இனி பார்க்காமல் டிக் அடிக்கக் கூடாது என்று இந்தத் தாளை மானிட்டரில் ஒட்டியதும் நீதான். ஆறு வருடமாக அது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசியாக நீ படுத்திருந்த அடையாறு ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். உன் கட்டிலைச் சுற்றி அந்தப் பிள்ளைகள் வளர்ந்து நின்றிருந்தார்கள். எனக்கு இப்படி யார் வருவார்கள் என்று நினைத்தேனே தவிர, வாயைத் திறக்கவில்லை. "பட்டியலைப் பாக்க நல்ல ஆளா சேத்துக்கோ மச்சி" என்றாய்.

யாரையும் சேர்க்கவில்லை. இப்போதும் படமெடுக்க வருகிறவர்கள் உன்னைத்தான் விசாரிக்கிறார்கள். இப்போதும் எனக்கு எரிகிறது. ஒளிக்க ஒன்றுமில்லாமல் போய்ச் சேர்ந்தாயே, அதுதான் எல்லாவற்றையும்விட எரிகிறது.

புது டேப் போட்டுத் தாளை அதே இடத்தில் ஒட்டிவிட்டேன். ஒட்டுவதற்கு முன், அன்று விட்ட ஃபோல்டரின் பெயரை ஏழாவதாக எழுதினேன். உன் டிக்குக்குக் கீழேதான் இடம் இருந்தது.