ஷாமினியின் அம்பில் குறைந்த ஓர் அங்குலம்

என் செல்லத் தம்பி குமரனுக்கு,

நீ பாதியில் விட்டுப்போன கார்பன் அம்புகளை நான்தான் முடித்தேன். கிள்ளான் வீட்டுப் போர்ச்சில் உன் வெட்டும் மெஷினை வைத்துக்கொண்டு, வாயில் மாஸ்க் கட்டிக்கொண்டு. "அக்கா, குழாயை உருட்டிக்கிட்டே வெட்டு, இல்லன்னா நார் பிஞ்சிடும்" என்பாயே, அப்படியே வெட்டினேன். முனையை ஒட்டினேன், இறகை ஒட்டினேன். பெருமை தாங்கவில்லை எனக்கு.

நீ போனபிறகு உன் மகளை வில் பயிற்சிக்குக் கூட்டிப்போவது நான்தான். போன ஞாயிறு சுபாங் ஜெயா திடலில் ஷாமினி அந்த அம்புகளை முதன்முதலாக எய்தாள். பிள்ளை நாணை முழுதாக இழுக்கவே இல்லை. அம்பெல்லாம் புல்லில் போய் விழுந்தது. என் வாய்தான் உனக்குத் தெரியுமே.

"என்ன லா, சோறு சாப்பிடலியா? முழுசா இழு! உங்கப்பா பார்த்தா வெட்கப்பட்டிருப்பான்!"

திடலே திரும்பிப் பார்த்தது. "சாரி அத்தை" என்றாள். அவ்வளவுதான்.

காரில் ஏறியதும் மெதுவாகச் சொன்னாள். "அம்பு கட்டையா இருக்கு அத்தை. முழுசா இழுத்தா முனை வில்லுக்குப் பின்னால வந்துடுது. விட்டா என் கையிலதான் குத்தும்."

"அங்கேயே சொல்றதுக்கு என்னடி?"

"நீங்க ஒட்டத்தானே செஞ்சீங்க. வெட்டுனது அப்பா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னால வெட்டிக்கிட்டு இருந்தாரு, நான் பார்த்தேன். பாவம், உடம்பு முடியாதப்ப. எல்லார் முன்னாலயும் அப்பா தப்பா வெட்டிட்டாருன்னு எப்படிச் சொல்றது?"

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. இரண்டு ஓரத்திலும்தான் கோணல் இருக்கும் என்று, புதுக் குழாயில் நாணில் மாட்டும் வால் பக்கத்தை முதலில் நறுக்கிவிடுவது உன் வழக்கம். அதை நீ முடித்தே வைத்திருந்தாய். நான் அளந்து பார்க்காமல், பெட்டிமேல் அச்சடித்திருந்த நீளத்தை நம்பிக் கணக்குப் போட்டு முன்பக்கத்தை வெட்டித் தள்ளிவிட்டேன்; ஓர் அங்குலம் குறைந்துபோனது. வெட்டிய கார்பனை வளர்க்கவா முடியும்?

அவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா, குமரா? "பரவாயில்லடி, அப்பாதானே" என்றேன். சீ! செத்துப்போன உன் தலையில் என் தப்பைக் கட்டிவிட்டுக் காரை ஓட்டினேன். உன் பேர் கெடக்கூடாது என்று அந்தப் பிள்ளை அத்தனை பேர் முன்னால் ஏச்சு வாங்கியிருக்கிறாள். என் கத்தலுக்குப் பயந்து ஒரே ஒரு தடவை முழுசாக இழுத்து விட்டிருந்தால்? அந்தக் கையை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ இருந்தால் ஏசியிருப்பாயா, சிரித்திருப்பாயா?

புதுக் குழாய்கள் வாங்கிவிட்டேன். இந்த முறை அவள் வில்லை இழுத்து நிற்கட்டும், அவள் கண்முன் அளந்து குறிக்கிறேன். அதற்கு முன், வரும் ஞாயிறு, அதே திடலில், அதே ஆட்கள் முன்னால், அவளை ஏசிய அதே குரலில் சொல்வேன்: "வெட்டினது நான். என் தம்பி இல்ல." இது உனக்கு நான் தரும் வாக்கு.

மூட வேண்டிய இடத்தில் திறந்து, திறக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொண்ட வாயோடு,
உன் அக்கா சரோ