வெள்ளைக் கதிரில் மஞ்சள் மணிகள்

மாசி 24, ஞாயிறு

மாடித் தோட்டத்தில் முதல் ஸ்வீட் கார்னை இன்று பறித்தேன். குரோம்பேட்டையில் தேடி வாங்கிய வெள்ளை ரகம். உரித்தால் நடுநடுவே மஞ்சள் மணிகள்! விதைக்கடைக்காரரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். பிறகுதான் எதிர்வீட்டு மாடி கண்ணில் பட்டது. ஸ்டெல்லா டீச்சர் போட்டிருப்பது மஞ்சள் ரகம். அதன் மகரந்தத்தைக் காற்று இங்கே கொண்டுவந்திருக்கிறது.

பார்க்கிங் சண்டைக்குப் பிறகு எட்டு மாதமாக நாங்கள் பேசுவதில்லை. நான்கு கதிரை வேகவைத்து எடுத்துப்போய் பெல் அடித்தேன்.

“உங்க மஞ்சள் எங்க வீட்டுக்கு வந்துடுச்சு டீச்சர்.”

கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். “அதான் எங்களுது வெளுத்துப்போயிருக்கா? உள்ள வாங்க, அடுப்புலதான் வேகுது.”

ரெண்டுமே ஒரே ருசி என்று அவரிடம் சொன்னேன். அவருடையதுதான் அதிக இனிப்பு. இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.