தலையில் விழுந்த கல்லுப் பல்லி

மே 4

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு இருதயமேரி எழுதுகிறது. "மெதுவா சொல்லுங்கண்ணே, எங்க ஓடுறீங்க?" என்கிறது. இன்றைக்கு எப்படி மெதுவாகச் சொல்வது?

எங்கள் லகாட் ஊர் ரொட்டிக் கடையில் ஒரு பெண் போனில் பல்லிப் படம் காட்டி விசாரித்துக்கொண்டிருந்தது. ஷர்மினி என்று பேர். பல்லிகளை ஆராய்ச்சி செய்கிற பிள்ளை. எட்டிப் பார்த்தேன். கல்லுப் பல்லி! 1967-இல், ரப்பர் தோட்டத்துப் பன்னிரண்டாம் நம்பர் வெட்டுக்காட்டில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தபோது, பின்னாலிருக்கும் சுண்ணாம்பு மலையில் பார்த்தது. வீட்டுப் பல்லிக்குக் கண்மணி கோடு. இதற்கு நம்மைப் போல வட்டம். ஆணுக்குத் தொண்டை மஞ்சள். சத்தமே போடாது.

"தாத்தா, அந்த மலையிலயா? நிச்சயமா?" எழுந்தே நின்றுவிட்டது.

அந்த மலையை உடைக்க ஒரு கம்பெனி கேட்டிருக்கிறதாம். இந்தப் பல்லி இங்கே தவிர வேறெங்கும் இல்லையாம்; 15-ஆம் தேதிக்குள் அதன் படத்தை அரசாங்கத்திடம் கொடுத்தால்தான் நிறுத்தச் சொல்லிக் கேட்க முடியும்.

என் மனைவியின் தம்பி சன்னாசி சிரிக்கிறான். "அறுபது வருசத்துப் பல்லியா? நேத்து என்னா சாப்ட்ட, சொல்லு மச்சான்."

"ரெண்டு தோசை. மூணாவது உன் தட்டுலேர்ந்து."

மே 7

ஷர்மினி, சன்னாசி, நான், மூன்று பேரும் மலை ஏறினோம். ரப்பர் ஒரு மரம் இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. பல்லியும் இல்லை. முழங்கால்கள் தனித்தனியாகத் திட்டுகின்றன. மனசு மட்டும் குதிக்கிறது.

மே 9

ஐயோ, எப்படிச் சொல்வேன்!

குகை வாசலில் குனிந்தேன். தலையில் ஏதோ சில்லென்று விழுந்தது. ஷர்மினி "அசையாதீங்க தாத்தா! அதேதான்!" என்று பையில் கேமராவைத் தேடியது. விரல் நீளம்தான், நகம் முள் மாதிரி நெற்றியில் குத்தியது. நான் மூச்சுகூட விடவில்லை.

சன்னாசி விட்டானா? "தலையில விழுந்துடுச்சு! தலையில விழுந்தா ஆகாது மச்சான்!" என்று துண்டால் ஓர் அடி. அடுத்து தண்ணீர் பாட்டில் முழுக்க என் தலையில். பல்லி எந்த இடுக்கில் போனதோ.

ஷர்மினி கல்லில் உட்கார்ந்துவிட்டது. அதற்கு அழுகை. எனக்கு... சிரிப்பு! என்ன மனிதன் நான்? ஆனால் இருக்கிறதே! இருக்கிறதே!

மே 10

சன்னாசி காலண்டரின் பின்பக்கத்தைக் கொண்டுவந்து பல்லி விழும் பலனைக் காட்டுகிறான். "அது வீட்டுப் பல்லிக்குடா! கல்லுப் பல்லி அதுல எங்கடா இருக்கு? காட்டு!" என்று கத்திவிட்டேன். நான் பார்த்தது அதிகாரிகளிடம் செல்லாதாம், படம் வேணுமாம். என் மண்டையில ஏறி உக்காந்துச்சே, அது செல்லாதா?

மே 12

மழை. சன்னாசி முன்வாசலில் உட்கார்ந்திருக்கிறான். நான் பின்வாசலில்.

மே 13

விடியும்போது ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் கங்காணி கண்ணில் படாமல் நான் படுக்க, மலையின் கிழக்கே தாழ்ந்த பாறை ஒன்று. படுத்தால் முகத்துக்கு நேரே முட்டைகள், இரண்டிரண்டாகக் கல்லில் ஒட்டிக்கொண்டு. ஒன்றைப் பிய்க்கப் பார்த்தேன்; உடைந்தது. கல்லை விட்டு வரவே இல்லை. ஷர்மினிக்குப் போன் செய்தேன். "ஆமா தாத்தா, ஒரே எடத்துல வருசா வருசம் வச்சு ஒட்டும்! நாளைக்கே போலாம்!"

மே 14

படுத்தேன். ஐம்பத்தெட்டு வருடம் கழித்து அதே பாறைக்கடியில். பழைய முட்டையோட்டு வளையங்கள் அம்மைத் தழும்பு மாதிரி பாறை முழுக்க. நடுவில் வெள்ளையாக ஒரு ஜோடி, புதுசு. பக்கத்தில் தலைகீழாக அவள்! வட்டக் கண்ணால் என்னைப் பார்த்தாள்.

சன்னாசி தன் இரண்டு கைகளையும் தானே பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். ஷர்மினி என் பக்கத்தில் மண்ணில் படுத்து நாற்பது படம் எடுத்தது. பிறகு மூன்று பேரும் ஆடினோம். எழுபத்தொன்பது வயதில், செம்பனைக் காட்டில்!

மே 15

படங்கள் போய்விட்டன. காத்திருக்கிறோம்.

ஜூலை 2

லகாட் சாலையில் பாறை உடைக்கிற இயந்திரத்தை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மலையை உடைக்க விடவில்லை என்று ஷர்மினி போனில் சொல்லியிருந்தது; ஆனாலும் மலைக்குத் திரும்புகிற முனையில் நின்றிருந்தேன். லோரி திரும்பவில்லை. நேராகப் போனது. இரண்டு கையையும் ஆட்டினேன். ஓட்டுகிறவர் யாரோ, அவரும் கையாட்டினார்.