பிந்தி வந்த மனு

யூலை 30, வியாழன்

கச்சான் காற்று, மேற்கிலிருந்து வெக்கையாக அடிக்கிறது. விடிந்ததிலிருந்து மண்டபத்துக்குள் மணல். இரண்டு தரம் கூட்டியாயிற்று, மேசை விரிப்பைத் தட்டினால் இன்னும் கொட்டுகிறது.

ஆடி மாதம். என் கட்டடச் சாமான் கடைக்கு மேலே கட்டிய கலியாண மண்டபம் சும்மா கிடக்கிறது. மாவட்டத் தனிநபர் சதுரங்கப் போட்டியை இங்கே வையுங்கள் என்று சொன்னது நான்தான். மண்டபம் கொடுத்தேன், சங்கத் தலைவர் ஆக்கினார்கள். எட்டாம் வகுப்போடு சீமெந்து மூட்டை தூக்கப் போனவனை வேறு எதற்காகத் தலைவர் ஆக்குவார்கள். தெரிந்துதான் ஏற்றுக்கொண்டேன்.

இன்றைய வேலை: தடதடக்கிற மின்விசிறி. செஸ் மணிக்கூடுகளுக்கு பற்றரி. தண்ணீர்ப் போத்தல். சாப்பாட்டுப் பார்சல், சைவம் தனி. ஜெனரேட்டருக்கு டீசல். பனர்.

பனர் வந்தது. செயலாளர் தவம் சேர் பெயர் மேலே. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், எதையும் கரும்பலகையில் எழுதுகிற மாதிரிப் பேசுவார். என் பெயர் அடியில், அச்சகக்காரன் தொலைபேசி இலக்கத்துக்குப் பக்கத்தில். கேட்டேன். வடிவமைப்பு அப்படி வந்துவிட்டதாம்.

பின்னேரம் நடுவர் ஜெயசீலன் திருகோணமலையிலிருந்து வந்து சேர்ந்தார். கண்டிப்பான ஆள் என்று பெயர். லொட்ஜ் எல்லாம் மட்டக்களப்பு டவுனில், காலை பஸ்ஸை நம்பி அவரை இங்கே தேற்றாத்தீவுக்கு வரச்சொல்ல முடியாது. வெளியூர் மனுசனை லொட்ஜில் விட்டுவிட்டு நாங்கள் வீட்டில் வாய்க்கு ருசியாகச் சாப்பிடுவதா என்று மனைவி கேட்டாள். வீட்டு மேல் அறையைத் திறந்து கட்டில் போட்டோம்.

மகள் துவாரகாவும் ஆடுகிறாள். பத்தொன்பது வயது. போன வருடம் அரைப் புள்ளியால் கை நழுவியது. பெண்கள் பிரிவில் முதலாவதாக வருகிற ஒருத்திக்கு மட்டும் தேசியப் போட்டியில் இடம். வருடம் முழுக்க விடியப்புறம் எழும்பி ஆட்டம் படித்தது அதற்குத்தான். சோறு தின்னும்போது சொன்னாள்: "அப்பா, என்ட மேசைக்குக் கிட்ட வரப்படாது." சரி என்றேன்.

யூலை 31, வெள்ளி

இரண்டு சுற்று முடிந்தது. இரண்டிலும் துவாரகா வெற்றி. பார்சலில் நாலு குறைவு, கடைக்காரனோடு வாய்த்தர்க்கம்.

படிக்கட்டில் காதில் விழுந்தது. தகப்பன்மார் இரண்டு பேர்.

"முதலாளிக்குக் கோட்டை எது குதிரை எது எண்டு தெரியுமாகா?"

"மூட்டை எது எண்டு தெரியும்."

கேட்காதவன் மாதிரி இறங்கிப் போனேன். குதிரையும் தெரியும், கோட்டையும் தெரியும். மகளிடம் தோற்றுத் தோற்றுப் படித்தது.

காலையில் என் வானில் நடுவர் முன் சீட், துவாரகா பின் சீட். இரவுச் சாப்பாட்டுக்கு நண்டுக் கறி, பெரியகல்லாற்றுக்காரன் கொண்டுவந்து தந்த வாவி நண்டு. நடுவர் வெட்கப்பட்டு வெட்கப்பட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார். ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. துவாரகா ஏதோ கேட்கப் போனாள், "போட்டி முடியட்டும் பிள்ளை" என்று நிறுத்திவிட்டார். மரியாதையான மனுசன்.

ஓகஸ்ட் 1, சனி

காற்று நிற்கவில்லை. யன்னல் கண்ணாடி ஒன்று போயிற்று. நீலத் தறப்பாள் அடித்து மறைத்தோம். அது படபடக்கிறது என்று ஒரு தாய் என்னோடு சண்டை. காற்றோடு சண்டை பிடிக்க முடியாதே, என்னோடுதான் பிடிக்கலாம்.

துவாரகாவும் பழுகாமத்துப் பிள்ளை கிருஷாந்தியும் புள்ளியில் சமம். நல்ல ஆட்டக்காரி, அமைதியான பிள்ளை. கூட வருவது தாய்மாமன். வயல்காரர், ஒரு காலத்தில் தானும் ஆடியவர். அந்த ஆளைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. கடைக்குள் வந்து விலை கேட்காமல் சாமானைத் திருப்பித் திருப்பிக் கீறல் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சாதி.

தேத்தண்ணி வரிசையில் முன்னுக்கு நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நடுவருக்கு நண்டாம். மறுகா என்ன, பிள்ளைக்கு வெற்றிதானே."

திரும்பினேன். முகம் மாறாமல், தேத்தண்ணி சீனி போட்டதா போடாததா என்று என்னிடமே கேட்டார்.

நடுவரை லொட்ஜுக்கு மாற்றுவோமா என்று மனைவியிடம் கேட்டேன். பாதியில் எழுப்பி அனுப்பினால் அதைவிடக் கேவலம் என்றாள். அதுவும் சரி. வியாழக்கிழமையே யோசித்திருக்க வேண்டியவன் நான். மனுசனுக்குச் சோறு போடுவதில் என்ன பிழை வரும் என்று இருந்துவிட்டேன்.

ஓகஸ்ட் 2, ஞாயிறு

கடைசிச் சுற்று. துவாரகாவுக்குக் கிருஷாந்தி சோடி. வெல்கிறவளுக்குத் தேசியப் போட்டி. நான் கீழே பார்சல் இறக்கிக்கொண்டு நின்றேன்.

மேலே சத்தம். ஓடிப் போய்க் கேட்டு அறிந்தது இது. துவாரகா முதலில் குதிரையைத் தொட்டுவிட்டு, பிறகு கையை மாற்றி ராணியை நகர்த்தினாள் என்று கிருஷாந்தி முறைப்பாடு. தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும். குதிரையை நகர்த்தினால் துவாரகாவுக்குத் தோல்வி. தொடவே இல்லை என்கிறாள் துவாரகா. நடுவர் அடுத்த மேசையில் குனிந்து நின்றவர், காணவில்லை. பக்கத்தில் ஆடியவர்களைக் கேட்டார், அவர்களும் காணவில்லை. சாட்சி இல்லாத முறைப்பாடு நிற்காது, ஆட்டம் தொடரட்டும் என்றார். சட்டமும் அதுதான்.

துவாரகா வென்றாள். கீழே வந்து என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். கையில் மீன் குழம்பு, முதுகைத் தடவவும் முடியவில்லை.

முறையீடு இருந்தால் ஆட்டம் முடிந்து அரை மணிக்குள் எழுத்தில் தர வேண்டும். ஒருவரும் வரவில்லை. மேசை மடித்து, பரிசளிப்புக்குக் கதிரை போட்ட பிறகு மாமன் வந்தார், மனுவோடு, பின்னால் ஊர் ஆட்களோடு. சத்தம் போடவில்லை.

"எங்கட பிள்ளைக்கு நண்டு ஆக்கிக் குடுக்க இஞ்ச ஒரு வீடு இல்லையே முதலாளி."

தவம் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிந்தின மனு. எடுக்கிறதும் விடுறதும் தலைவர்ட கை." இந்தப் போட்டியில் அப்போதுதான் முதல் தரம் நான் தலைவர்.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எல்லாரும் என் கடைக்கு வருகிறவர்கள். வெடித்த டைல் என்று ஒருவன் கொண்டுவந்தால், அவன் வீட்டில் போட்டு உடைத்ததாக இருந்தாலும், வாதாடாமல் மாற்றிக் கொடுப்பேன். கடை வளர்ந்தது அப்படித்தான். நாளைக் காலையில் மறு ஆட்டம் என்றேன். கைதட்டினார்கள்.

நடுவர் வீட்டுக்கு வந்து பையைக் கட்டினார். "உங்கட வீட்டுச் சோறு என்ட தீர்ப்ப மாத்தல்ல ஐயா. நீங்கதான் மாத்தினீங்க." வானில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று பஸ் எடுக்க நடந்தார். மனைவி கட்டிவைத்த சாப்பாடு மேசையில் கிடந்தது.

துவாரகா குசினியில். டைல் கதையைச் சொல்லி விளங்கப்படுத்தப் பார்த்தேன். மறு ஆட்டத்திலும் வென்றுவிட்டால் ஒரு வாயும் திறக்காது என்றேன்.

"மாத்திக் குடுத்தா சாமான்ல பிழை எண்டுதானே அப்பா ஆக்கள் நினைப்பாங்க?"

அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கடையில் பொய் சொல்கிறவனைக் கண்ணைப் பார்த்தே பிடிக்கிறவன், என் பிள்ளையின் கண்ணைப் பார்த்துக் கேட்டேன்: "உண்மையாத் தொடல்லையா மகள்?"

கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

ஓகஸ்ட் 3, திங்கள்

வானில் ஏறவில்லை. சைக்கிளில் வந்தாள், நேரத்துக்கு. தவம் சேர் நடுவர். மாமன் புதுச் சேட்டு போட்டிருந்தார்.

தூரத்தில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு நகர்வுக்கு முன்னும் இரண்டு கையையும் மடிக்குள் வைத்திருந்தாள். எடுத்தால் ஒரே எடுப்பு, சுடுகிற சட்டியை எடுக்கிற மாதிரி. காய்க்கு மேலே விரல் ஒரு கணமும் நிற்கவில்லை. சுற்றி நின்ற அத்தனை பேரும் பலகையைப் பார்க்கவில்லை, அவள் கையைத்தான் பார்த்தார்கள். இப்படி எவளால் யோசித்து ஆட முடியும். நல்ல வழி ஒன்று திறந்து கிடந்தது, எனக்கே தெரிந்தது. அவள் காணவில்லை.

தோற்றாள். கை கொடுத்தாள். கிருஷாந்தி கண் கலங்கி ஏதோ சொன்னது. துவாரகா தலையாட்டினாள்.

பரிசளிப்பில் எனக்குப் பொன்னாடை. சொந்த மகள் என்றும் பாராத நீதிமான் என்று தவம் சேர் நீட்டி முழக்கினார். முதலில் எழும்பிக் கைதட்டியது மாமன். முடிந்ததும் நேரே கீழே கடைக்கு வந்து குளியலறை டைலுக்கு விலை கேட்டார். விலையில் கழிவு போட்டுக் கொடுத்தேன். என்ன மனுசன் நான்.

ஓகஸ்ட் 5, புதன்

சீமெந்து லொறி பிந்தி வந்தது. காற்று குறைவு. மண்டபம் கழுவியாயிற்று. தவம் சேர் கோல் எடுத்தார், அடுத்த வருடமும் இங்கேதானாம், பனரில் என் பெயர் மேலே வருமாம். லைனைக் கட் பண்ணினேன்.

பத்து மணி போல் துவாரகா கடைக்குள் வந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்னோடு பேசவில்லை. வவுனியாவில் சித்தி வீட்டில் தங்கி, இனி அந்த மாவட்டத்தில் பதிந்து ஆடப் போகிறாளாம். சித்தியோடு கதைத்தாயிற்று, அம்மாவுக்கும் சொல்லியாயிற்று.

லொறிக்காரன் பக்கத்தில் நிற்கிறான். நிற்கட்டும் என்று சொன்னேன்: "நீ தொடல்ல மகள். எனக்குத் தெரியும்."

"அண்டைக்குத் தெரியல்லையே." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நல்லது. "அங்க நான் ஆர்ட மகள் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அது எனக்குக் காணும்."

வவுனியா பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். தெரியும். சொன்னேன்.