பேஸ் கிட்டாரைத் திறந்துவிட்டேன்

பிரெட்ரிக்,

சோறும் மீன் சம்பாலும் மேசையில் மூடி வைத்திருக்கிறேன். நான் மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும் ஷிப்டுக்குப் போகிறேன்.

உங்கள் பழைய ஸ்டைல் பேஸ் கிட்டார் இரைகிறது, விற்கப் போகிறேன் என்றீர்கள். நான் பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு, "உனக்கு இதெல்லாம் தெரியாது லா, தொடாத" என்று கத்தினீர்கள். கோபத்தைவிட உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசைதான் எனக்கு அதிகம். கிட்டாரின் முன்பக்கத்தில் இருக்கும் வெள்ளைத் தகட்டைக் கழற்றினேன். எர்த் வயர் விட்டுப் போயிருந்தது. ஃபேக்டரியில் தினமும் நான் செய்கிற, ஈயத்தை உருக்கி வயரை ஒட்டும் சோல்டர் வேலைதான், ஒட்டிவிட்டேன். இப்போது இரைச்சல் இல்லை.

அதை வாங்க ரெங்கம் ஊரிலிருந்து கால்வின் ஐந்து மணிக்கு வருவார். அதற்குள் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.

டொரத்தி

பி.கு.: உள்ளே, கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப் இன்னொன்று வைக்கிற அளவுக்குக் குழி இருக்கிறது. அதையும் போட்டால் சத்தம் எப்படி மாறும்? பதில் தெரியும்வரை விற்காதீர்கள்.